செக்ரோலில் பேர் இல்லாதவருக்கும் காய்ச்சல் வரும்

தோட்டத்து மக்களுக்கும் அயல் கிராமங்கள், நகரங்களில் வாழ்வோருக்கும் ஒரு வேண்டுகோள்



ஓர் ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு அந்த ஊரின் பொது மருத்துவத்தில் எப்போது பங்கு கிடைக்கும்? கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் குடியேறியவர்கள் அரச மருத்துவக் காப்புறுதிக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. கொரோனா பரவிய 2020 மார்ச்சில் அந்த மூன்று மாதத்தையும் நீக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஆறு மாதம் வசித்தால் சேரலாம். முகாம்களில் இருக்கும் இலங்கை அகதிகளுக்கு, அவர்களில் மலையகத்தார் ஏராளம், அங்கே வருமான வரம்புகூட இல்லை. மலையக மக்களான நாமோ இந்த நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். ஆனாலும் தோட்டத்தில் ஒருவர் நோயில் விழுந்தால், பொறுப்பு கம்பனிக்கா அரசுக்கா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. மருத்துவ உரிமை வேலையோடு அல்ல, வசிக்கும் இடத்தோடு சேர வேண்டும் என்பதே எங்கள் வாதம்.

இந்தக் குழப்பத்துக்கு வயது நூறுக்கு மேல். 1912இல் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசைவீடுகளின் சுகாதாரத்தையும் நோயாளிகளின் பராமரிப்பையும் தோட்டத் துரையின் பொறுப்பில் விட்டது. கூலியாளின் உடம்பு தோட்டத்தின் சொத்து என்று எண்ணிய காலம் அது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாளடைவில் நாடெங்கும் பரவி, தாதிமாரையும் மருத்துவிச்சிகளையும் வீடு தேடி அனுப்பியது. இலங்கையின் பொதுச் சுகாதாரம் உலகில் பேர் வாங்கியது இப்படித்தான். தோட்டங்கள் மட்டும் தனி வேலிக்குள் கிடந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் எங்களிடமிருந்து பிரஜாவுரிமையைப் பறித்ததும் அந்த வேலி இன்னும் உயர்ந்தது. பிரஜாவுரிமைச் சிக்கலை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தீர்த்துவைத்தது. ஆனால் டிஸ்பென்சரியைச் சுற்றிய வேலி அகலவில்லை. 1990களுக்குப் பின் சில தோட்ட மருத்துவமனைகள் அரசின் கைக்கு வந்தன. பல இடங்களில் இன்றும் முதல் மருந்து கிடைப்பது கம்பனியின் டிஸ்பென்சரியில், மருத்துவ உதவியாளர் ஒருவரின் கையால்தான்.

கம்பனியை நம்பிய இந்த ஏற்பாடு, தோட்டத்தில் எல்லோரும் தோட்டத்துக்கே வேலை செய்த காலத்துக்கு ஓரளவு பொருந்தியது. இன்றைய லயத்தை எண்ணிப் பாருங்கள். ஓய்வுபெற்ற பாட்டன், கொழும்பில் கடையில் நிற்கும் மகன், அயல் மரக்கறித் தோட்டத்துக்கு நாட்சம்பளத்துக்குப் போகும் மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளைகள். இவர்களில் தோட்டத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் பேர் உள்ளவர் ஒருவரோ இருவரோதான். 2019ஆம் ஆண்டின் அரச கணிப்பில் வறுமையில் இருந்தோர் நாட்டளவில் 14.3 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம். 2016ஆம் ஆண்டின் அரச ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாட்டளவில் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். இதற்குச் சம்பளமும் உணவும் குடிநீரும் காரணம், மருத்துவம் மட்டுமல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இவற்றையெல்லாம் வேளைக்கே கண்டுபிடித்துச் சொல்லவேண்டியது சுகாதார சேவைதான். அது அரைக் கண்ணோடு பார்க்கும் இடத்தில் குறை முற்றிய பிறகே தெரியவரும்.

“அரச வைத்தியசாலை எல்லோருக்கும் இலவசம், யார் உங்களைத் தடுத்தார்கள்?” என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது, சட்டம் எங்களைத் தடுக்கவில்லை. நுவரெலியாவிலும், 2017இல் புதிய கட்டடம் திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலும் எங்களுக்குச் சிகிச்சை கிடைக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர்களும் தோட்டங்களுக்கு வருகிறார்கள். ஆனால் வாசல் திறந்திருப்பது வேறு, அந்த வாசலுக்குப் போய்ச்சேருவது வேறு. மேல்மலை லயத்திலிருந்து இறங்க ஒரு நாட்சம்பளம் போகும், வண்டிக்கூலி தனி. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், பாதை அதற்கு இடம்கொடுத்தால். தோட்டப் பாதையைத் திருத்தப் பிரதேச சபை பணம் செலவிடவே 1987ஆம் ஆண்டுச் சட்டம் தடையாயிருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது.

“கம்பனி இலாபம் எடுக்கிறது, செலவை அதுவே ஏற்கட்டும், அரசு பொறுப்பேற்றால் கம்பனிக்குத்தான் வசதி” என்பது தொழிலாளர் பக்கத்திலிருந்தே வரும் மறுப்பு. செலவை யார் கொடுப்பது, சேவையை யார் நடத்துவது என்று இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கம்பனியிடமிருந்து அரசு பங்குப்பணம் அறவிடட்டும், அதை நாங்கள் ஆதரிக்கிறோம். வேலைத்தலத்தில் ஏற்படும் காயத்துக்கும் பூச்சிநாசினி நஞ்சுக்கும் கம்பனியே பொறுப்பு. ஆனால் ஒரு தாயின் கிளினிக் அட்டை, தேயிலை விலை விழுந்தால் ஆட்குறைப்புச் செய்யும் நிர்வாகத்தின் தயவில் இருக்கக்கூடாது.

“2022இல் வங்குரோத்தான நாட்டில் இதற்குப் பணம் ஏது?” என்பது மூன்றாவது மறுப்பு. நாங்கள் கேட்பது மாளிகைகள் அல்ல. இருக்கும் டிஸ்பென்சரிக் கட்டடத்தை மாகாண சுகாதார சேவையின் கீழ் கொண்டுவருவதும், ஆளணியை அதற்கேற்பப் பகிர்வதும்தான். நீரிழிவைத் தொடக்கத்தில் மாத்திரையால் பிடிப்பதா, முற்றிய பின் கால் எடுப்பதா என்ற கணக்கில் மலிவானது எது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. நெருக்கடியிலும் டொலர் தேடித்தந்த தேயிலையைக் கொய்த கைகளுக்கு இது சலுகையும் ஆகாது.

ஆகவே நாங்கள் கேட்பவை மூன்று. தோட்ட டிஸ்பென்சரிகள் அனைத்தும் காலவரையறையோடு அரச சேவையில் இணைய வேண்டும். தோட்டத்தில் வசிக்கும் ஒவ்வொருவரும், செக்ரோல் பார்க்காமல், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பதிவில் இடம்பெற வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளையே பயிற்றி, தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர்களாக நியமிக்க வேண்டும். 2025 மே மாதம் நீங்கள் தெரிவுசெய்த பிரதேச சபை உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள். சபையில் தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். கிராமத்துச் சிங்கள, முஸ்லிம் உறவுகளே, நீங்களும் எங்களோடு நின்று கேளுங்கள். ஒரே ஆற்றின் மேல்கரையில் லயமும் கீழ்க்கரையில் உங்கள் வீடும் இருக்கின்றன. மேலே பார்க்காமல் விட்ட வயிற்றோட்டம் தோட்ட எல்லைக் கல்லோடு நின்றுவிடாது.

இங்ஙனம்,
நுவரெலியா, ஹற்றன் பிரதேசத் தோட்டத் தொழிலாளர்கள், ஆசிரியர்கள், சுகாதாரப் பணியாளர்கள்