கோடைப் போட்டா மட்டும் போதாது தோழர்களே, லைசென்ஸையும் போடுங்க!

எழுத்துரு மாற்றி, சொற்பிழை திருத்தி, பேருந்து நேரம் சொல்ற ஆப்னு நம்ம பசங்க எவ்வளவோ எழுதி கிட்ஹப்ல போட்டிருக்காங்க. "யார் வேணா எடுத்துக்கோங்க"ன்னு மனசார நினைச்சுதான் போடுறாங்க. ஆனா உள்ளே போய்ப் பாருங்க, பல இடத்துல லைசென்ஸ் ஃபைலே இருக்காது.

அதுக்குச் சட்டப்படி என்ன அர்த்தம் தெரியுமா? பார்க்கலாம், கிட்ஹப்புக்குள்ள ஃபோர்க் பண்ணலாம், அவ்வளவுதான். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பு. பதிவு எதுவும் வேண்டாம், எழுதின உடனேயே உரிமை வந்துடும். அது எழுதினவர் ஆயுள் முழுக்கவும், அதுக்குப் பிறகு 60 வருஷமும் நீடிக்கும். 22 வயசுல நீங்க எழுதின நூறு வரி, உங்க பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் பூட்டியே கிடக்கும்!

"சரி, பாரதியார் பாட்டு மாதிரி நாட்டுடைமைன்னு சொல்லிட்டா முடிஞ்சுதே?"ன்னு கேட்பீங்க. முடியும். நம்ம சட்டத்தின் 21-வது பிரிவு அதுக்கு வழி விடுது. 2012 திருத்தத்துக்கு அப்புறம் பொது அறிவிப்பு கொடுத்தே உரிமையை விட்டுடலாம். ஆனா ஜெர்மனி மாதிரி நாடுகள்ல, எழுதினவரே நினைச்சாலும் உரிமையை முழுசா கைவிட முடியாது.

எஸ்க்யூலைட்டையே எடுத்துக்கோங்க. உங்க கையில இருக்கிற போன்லயும் அது ஓடுது. 2000-ல் ரிச்சர்ட் ஹிப் தொடங்கினது, முழுக்க முழுக்கப் பொதுச்சொத்து. அதைக் காப்பாத்த அவங்க படுற பாட்டைப் பாருங்க: உரிமையை விட்டுக்கொடுத்ததா கையெழுத்துப் போட்ட பத்திரம் இல்லாம யார் கோடையும் சேர்க்க மாட்டாங்க. கோட் இலவசம்தான், ஆனாலும் சட்ட உறுதி வேணும்ங்கிற கம்பெனிகளுக்குன்னு உரிமைச் சான்றைத் தனியா விலைக்கு விக்கிறாங்க!

அதனாலதான் சிசி ஜீரோ வந்துச்சு. சட்டம் கைவிட விடாத நாட்டுல, அதுவே நிபந்தனை இல்லாத அனுமதியா மாறிடும். ஆனா பேட்டன்ட் உரிமையை அது விட்டுத்தராது. இதைக் காரணம் காட்டித்தான் 2022-ல் ஃபெடோரா, இனி சிசி ஜீரோவில் வர்ற புதுக் கோடை ஏத்துக்க மாட்டோம்னு முடிவெடுத்துச்சு.

இன்னொரு கேள்வியும் இருக்கு. பொதுவுக்குக் கொடுத்ததை ஒருத்தர் எடுத்து, மெருகேத்தி, பூட்டி வித்தா? பொதுச்சொத்துன்னா தடுக்க முடியாது. ஜிபிஎல்-ன்னா முடியும். 2003-ல் லிங்க்ஸிஸ் வைஃபை ரவுட்டருக்குள்ள லினக்ஸ் இருக்கிறதை நிரலாளர்கள் கண்டுபிடிச்சு, "ஜிபிஎல் படி கோடைக் கொடு"ன்னு கேட்டாங்க. கம்பெனி கொடுத்துச்சு. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்னைக்கு உலகம் முழுக்க ஓடுற ஓபன்டபிள்யூஆர்டி. லினக்ஸ் பொதுச்சொத்தா இருந்திருந்தா, அப்படிக் கேட்க யாருக்கும் உரிமையே இருந்திருக்காது.

நிபந்தனை இல்லாததாலதான் எஸ்க்யூலைட் எல்லா போனுக்கும் போச்சுன்னு சிலர் சொல்வாங்க. அதுவும் நியாயமான வாதம்தான். அதனால என் கருத்து இதுதான்:

👉 சொற்பட்டியல், அகராதி, தரவு: சிசி ஜீரோ.
👉 எல்லாரும் தங்கள் வேலையில் சேர்த்துக்கணும்னு நினைக்கிற சின்ன லைப்ரரி: எம்ஐடி அல்லது அப்பாச்சி.
👉 மக்களுக்கான முழு ஆப், மக்கள் வரிப்பணத்தில் எழுதின கோட்: ஜிபிஎல்.

கடைசி வரி முக்கியம். அமெரிக்க மத்திய அரசு ஊழியர் பணியில் எழுதினதுக்கு அங்கே பதிப்புரிமையே கிடையாது. இங்கே அரசுப் படைப்புக்கு 60 வருஷம் உரிமை அரசுக்குத்தான். அரசு நினைச்சா திறக்க முடியும்: 2020 மே மாசம் ஆரோக்கிய சேது ஆண்ட்ராய்டு கோடை அப்பாச்சி லைசென்ஸில் வெளியிட்டாங்களே! மற்ற அரசு ஆப்களுக்கும் இதைக் கேட்கணும். எந்த ஆட்சின்னு பார்த்துக் கேட்கக் கூடாது, நம்மவங்க ஆட்சின்னாலும் கேட்கணும்.

அதுக்கு முன்னாடி நம்ம வீட்டைச் சுத்தம் பண்ணுவோம். இன்னைக்கே உங்க பழைய ரெப்போவைத் திறங்க. கூட எழுதின நண்பர்கள் எல்லார்கிட்டயும் சம்மதம் கேளுங்க. கம்பெனி வேலையா எழுதினது கம்பெனிக்குச் சொந்தம், அதைத் தொடாதீங்க. மிச்சத்துக்கு லைசென்ஸ்னு ஒரு ஃபைல் போடுங்க. அஞ்சு நிமிஷ வேலை. அது இல்லாததால உங்க ஆறு மாச உழைப்பு யாருக்கும் பயன்படாம போகணுமா?

போட்டுட்டு கமென்ட்ல சொல்லுங்க. பகிருங்க தோழர்களே!

#மக்கள்பணம்_மக்கள்கோட்