வெள்ளிக் கெண்டியில் சாமி

1875 டிசம்பரில் இங்கிலாந்து இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரானவர், கொழும்பிலிருந்து கப்பலேறித் தூத்துக்குடிக்கு வந்தார். நம் கரையோரம் அப்போது ஆழமில்லை. கப்பல்கள் கடலில் வெகுதூரத்திலேயே நங்கூரம் போடும். ஆளானாலும் பஞ்சுப் பொதியானாலும் படகில்தான் கரைசேர வேண்டும். அப்படி இறங்கியவர், அப்போதுதான் போட்டு முடித்திருந்த ரயில்பாதையில் மணியாச்சி, மதுரை வழியாகச் சென்னைக்குப் போனார்.

அந்தப் பயணத்தில் அவருக்குக் குவிந்த பரிசுகளை மறு ஆண்டே லண்டன் சவுத் கென்சிங்டனில் காட்சிக்கு வைத்தார்கள். அவற்றில் என் மனதைப் பிடித்தது, சென்னை மவுண்ட் ரோடு பி. ஓர் அண்ட் சன்ஸ் கம்பெனி செய்த வெள்ளித் தேநீர் செட். படத்தில்தான் பார்த்திருக்கிறேன், அதற்கே கண்ணை எடுக்க மனம் வரவில்லை. வெள்ளைக்காரர்கள் ‘சுவாமி’ வேலைப்பாடு என்று விரும்பி வாங்கிய வகை அது. கெண்டியின் உடம்பைச் சுற்றி வாகனங்களோடு தெய்வங்கள் நிற்கும். சிலவற்றில் கைப்பிடியே பாம்பாக வளைந்திருக்கும்.

பாத்திரத்துக்குள் அரக்கை உருக்கி ஊற்றி இறுகவிட்டு, வெளியே சிற்றுளியால் தட்டித் தட்டி உருவத்தை எழுப்புவார்கள். கைதான் அளவு. வெள்ளி சூட்டை உடனே வாங்கிவிடும் என்பதால், இத்தகைய கெண்டிகளின் கைப்பிடியில் இரண்டு இடத்தில் தந்த வளையம் கோப்பது வழக்கம். கொதிக்கும் தேநீரை ஊற்றும் விரல் சுடாது. அழகைவிட இந்த யோசனைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கோயிலுக்குக் கவசமும் திருவாசியும் அடிக்கிற கை, எச்சில் படும் மேசைக்காகச் சாமியை அடித்திருக்கிறது. நம் வீடுகளில் சாமி உருவம் பூஜைச் சாமானோடு நின்றுவிடும். பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம் வரை பூ வேலை போகும்; குடிக்கிற பாத்திரத்தில் தெய்வத்தை வைக்க யாருக்கும் மனம் வராது. இந்த வெள்ளி வேலை செய்த பத்தர்களில் பெரும்பாலோர் தேநீரை ருசித்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். அன்று அது தமிழ் வீட்டுப் பானம் இல்லை. ஆனாலும் வேலையில் ஓர் இடத்திலும் அலட்சியம் தெரியவில்லை. வாகனப் பறவையின் இறக்கையில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாக எழுந்து நிற்கிறது. அதற்காகவே அவர்களைக் கும்பிடலாம்.

பிறகு காபி நம் வீடுகளுக்குள் வந்தது. பித்தளையிலும் வெள்ளியிலும் டபரா செட் செய்தார்கள், சீர்வரிசையிலும் வைத்தார்கள். விளிம்பில் ஒரு கோடு, அடியில் பெயர் பொறிப்பு. அதற்கு மேல் எதுவும் ஏறவில்லை.