செங்கல் நிறம்... ஒரு சுவர் போதும்!

மண்தொட்டி நிறத்தில் சுவருக்கு பெயின்ட் அடிக்க ஆசையா? கடையில் ஷேடு கார்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் ஹாலின் நான்கு சுவர்களுக்கும் டெரகோட்டா அடித்தோம். ராத்திரி லைட் போட்டதும் மாமியார் சொன்னார், ''செங்கல் சூளைக்குள்ள உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்மா.'' உண்மைதான்! சோபாவுக்குப் பின்னால் உள்ள சுவரை விட்டுவிட்டு, மற்ற மூன்றையும் பிரைமர் அடித்து ஆஃப்-ஒயிட் ஆக்கினோம். இரட்டைச் செலவு.

முதலில் சின்ன டப்பா வாங்கி, 2 அடிக்கு 2 அடி, இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். காலையிலும் இரவிலும் பாருங்கள். 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி-யில் இந்த நிறம் மங்கலாகத் தெரியும். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில்தான் எடுப்பாக இருக்கும். சுவரில் ஓதம் இருந்தால், அதைச் சரிசெய்யாமல் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். உப்புப் பூத்தால் வெள்ளைச் சுவரில்கூடத் தெரியாது, இதில் பளிச்சென்று தெரியும்.