தோட்டாவை மாற்றியவர் யார்? பழி சுமந்தவர் யார்?

அமெரிக்க ராணுவம் தன் காலாட்படையின் துப்பாக்கியையும் தோட்டாவையும் மறுபடியும் மாற்றக் கிளம்பியிருக்கிறது. 2022 ஏப்ரலில் சிக் சாவர் என்ற கம்பெனிக்குக் காண்டிராக்ட் கொடுக்கப்பட்டது. அறுபது ஆண்டுக் காலமாகச் சிப்பாய்கள் கையாண்டு வந்த 5.56 மில்லிமீட்டர் தோட்டா போய், 6.8 மில்லிமீட்டர் தோட்டா வருகிறது. புதிய தோட்டா கனமானது. 30 தோட்டாக்கள் கொண்ட மாகசினுக்குப் பதிலாக இனி 20 தோட்டாக்கள்தான். இந்தத் துப்பாக்கி இன்றைய சண்டைக்குத் தோதானதல்ல என்று அந்த ராணுவத்தின் கேப்டன் ஒருவரே 2025-ல் பகிரங்கமாகச் சொன்னார். கம்பெனி உடனே மறுத்தது.

இதில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கே உட்காரவில்லை. ஆனால் சென்ற முறை தோட்டா மாறியபோது சிப்பாய்களுக்கு என்ன நேர்ந்தது என்பது தெரிந்த சரித்திரம். நமது மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் அதை அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அந்தக் கதையில் வரும் அநியாயம் அவர்களுக்குப் புதியதல்ல.

அது வியட்நாம் மீது அமெரிக்க ஏகாதிபத்தியம் யுத்தம் நடத்திய காலம். யூஜின் ஸ்டோனர் என்ற பொறியாளர் உருவாக்கிய இலேசான துப்பாக்கி ஒன்றை, கோல்ட் கம்பெனி 1959-ல் உரிமை வாங்கித் தயாரித்தது. 1963-ல் அமெரிக்க சர்க்கார் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. இதுதான் எம்-16 என்று பின்னால் பேர் பெற்ற துப்பாக்கி.

அது வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால்தான் நடந்த அக்கிரமம் விளங்கும். தோட்டாவிலுள்ள மருந்து எரிந்து, அந்த வேகத்தில் குண்டு குழலை விட்டுப் பாய்கிறது. எரிந்த வாயுவில் ஒரு பங்கு மெல்லிய குழாய் வழியாகத் திரும்பி வந்து, துப்பாக்கியின் இயந்திரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. காலியான பித்தளைக் கூடு வெளியே விழுகிறது. அடுத்த தோட்டா உள்ளே ஏறுகிறது. ஆகவே எந்த மருந்து, எவ்வளவு வேகத்தில் எரிகிறது, எரிந்தபின் எவ்வளவு கசடு விடுகிறது என்பதைப் பொறுத்தே துப்பாக்கி ஓடும். ஸ்டோனர் தன் துப்பாக்கியை டூபாண்ட் கம்பெனியின் மருந்துக்குப் பொருந்தும்படி செய்திருந்தார்.

ராணுவ அதிகாரிகள் குண்டு பாயும் வேகத்துக்கு ஒரு கணக்கு வைத்தார்கள். வினாடிக்கு 3,250 அடி! அந்த வேகத்தையும், குழலுக்குள் இருக்க வேண்டிய அழுத்தத்தின் வரம்பையும் ஒருசேரக் காப்பாற்றி மொத்தமாக மருந்து தயாரித்துத் தர இயலாது என்று டூபாண்ட் ஒதுங்கிக்கொண்டது. கணக்கைத் திருத்தினார்களா? இல்லை. 1964-ல் மருந்தை மாற்றினார்கள். ஓலின் மாத்தீசன் கம்பெனியின் உருண்டை மருந்து தோட்டாவுக்குள் புகுந்தது. வேறு ரகத் தோட்டாக்களுக்காக ராணுவம் ஏற்கெனவே அந்தக் கம்பெனியிடம் இந்த மருந்தை வாங்கிக்கொண்டுதான் இருந்தது. துப்பாக்கியைப் படைத்த ஸ்டோனரிடம் அபிப்பிராயம் கேட்டது எப்போது? எல்லாம் முடிவான பிறகு! அவர் கூடாது என்றார். சொன்னது காற்றோடு போயிற்று.

விளைவு என்ன? நிமிடத்துக்கு 750 முதல் 850 தடவை சுடும்படி அமைந்த துப்பாக்கி, புதிய மருந்தில் ஆயிரம் தடவை வரை சுடத் தொடங்கிற்று. வேகம் மிஞ்சியதால் உறுப்புகள் தேய்ந்தன, முறிந்தன. புதிய மருந்தில் கலந்திருந்த சுண்ணாம்புச் சரக்கின் கசடு வாயுக் குழாயில் படிந்தது. தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. வியட்நாமின் மழையிலும் ஈரத்திலும் அந்த அறை துருப்பிடித்தது. சுட்ட கூடு உள்ளேயே ஒட்டிக்கொண்டது. அதை வெளியேற்ற வேண்டுமானால் குழலின் வாய் வழியாகக் கம்பியை விட்டு இடிக்க வேண்டும். எதிரே சண்டை நடக்கும்போது! அந்தக் கம்பியாவது ஆளுக்கொன்று இருந்ததா? அதுவும் இல்லை. இந்தத் துப்பாக்கிக்குத் துடைப்பே அதிகம் தேவையில்லை என்ற பேச்சைப் பரவ விட்டு, துடைக்கும் சாமான்களைக்கூடப் போதிய அளவுக்கு அனுப்பாமல் விட்டார்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. புதிய மருந்து போட்ட தோட்டாவில் சுட்டால் ராணுவம் விதித்த பரீட்சையில் தன் துப்பாக்கிகள் தேறவில்லை என்று கோல்ட் கம்பெனி முறையிட்டது. ராணுவம் என்ன செய்தது? மருந்தை மாற்றவில்லை. பரீட்சையை மாற்றியது! பழைய ரக மருந்து கொண்ட தோட்டாவாலேயே சோதித்துக்கொள்ளக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தது. தொழிற்சாலையில் பழைய மருந்தில் தேறிய துப்பாக்கி, போர்முனையில் புதிய மருந்துத் தோட்டாவோடு சிப்பாயின் கையில் கொடுக்கப்பட்டது. கம்பெனிக்குப் பில் பாஸாகிவிட்டது. சிப்பாயின் உயிருக்கு யார் பொறுப்பு?

சிப்பாய்கள் முறையிட்டபோது மேலிருந்து வந்த பதில் என்ன? "நீ சரியாகத் துடைக்கவில்லை!" ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. சிப்பாயை அந்த ஆடத் தெரியாதவளாக்கினார்கள். ஆனால் இங்கே கூடம் உண்மையிலேயே கோணல்! கோணலாக்கியவர்களுக்கே அது தெரியும்.

நமது ஸ்பின்னிங் மில் தொழிலாளிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முதலாளி விலை மலிவாகக் கிடைத்ததென்று மட்டப் பஞ்சை வாங்கிக் கலவையில் தள்ளுகிறான். ரிங் பிரேமில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. மெமோ யாருக்கு வருகிறது? பஞ்சு வாங்கியவனுக்கா? கால் ஓயாமல் ஓடி ஓடி இழை முடியும் தொழிலாளிக்குத்தான். வயலில் முளைப்பு இல்லாத விதையைத் தெளித்துவிட்டு, விதைத்தவன் கை சரியில்லை என்று கூலியைக் குறைக்கும் நிலக்காரனை நாம் காணாதவர்களா? சாமானை மாற்றுகிறவன் ஒருவன். அதனோடு மல்லாடுகிறவன் இன்னொருவன். பழி மட்டும் எப்போதும் மல்லாடுகிறவன் தலையில்!

1967 ஏப்ரல் கடைசியிலும் மே மாதத் தொடக்கத்திலும் கேசான் அருகேயுள்ள குன்றுகளில் கடும் சண்டை நடந்தது. அதற்குச் சற்று முன்புதான் அமெரிக்க மரைன் படையினருக்கு எம்-16 கொடுக்கப்பட்டிருந்தது. அந்தச் சண்டையில் 155 மரைன்கள் மடிந்தார்கள். உயிர் பிழைத்த ஒரு மரைன் வீட்டுக்குக் கடிதம் எழுதினான். மாண்டு கிடந்தவர்களில் அநேகமாக எல்லோர் அருகிலும், பழுது பார்க்கப் பிரித்துப் போட்ட துப்பாக்கி கிடந்தது என்று அதில் சொல்லியிருந்தான். நியூஜெர்சி மாநிலத்துப் பத்திரிகை ஒன்று அதை அச்சிட்டது. காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் ஹோவர்ட் அதை அமெரிக்க காங்கிரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். பல பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளின் கடிதங்களை அனுப்பினார்கள். வாயை மூடி வைத்திருந்தவர்கள் பதில் சொல்லியே தீர வேண்டியதாயிற்று.

ரிச்சர்ட் ஐகார்ட் தலைமையில் விசாரணைக் கமிட்டி அமைந்தது. இந்த ஐகார்ட் நமக்கு நண்பரல்ல. கம்யூனிஸ்டு வேட்டைக்கென்றே இருந்த காங்கிரஸ் கமிட்டிக்கு 1969 முதல் தலைமை வகித்தவர். அப்படிப்பட்டவரின் கமிட்டியே 1967 அக்டோபரில் என்ன சொல்லிற்று? போதிய சோதனை இல்லாமல் மருந்தை மாற்றியதே துப்பாக்கி பழுதாவதற்கு முக்கிய காரணம் என்றது. கோளாறு தெரிந்தும் திருத்தாமல் விட்ட அதிகாரிகளின் போக்கு கிரிமினல் அலட்சியத்தை ஒட்டியது என்றது. ஆயுதக் கொள்முதலில் பொறுப்பு வகித்த ஜெனரல் ஒருவர், ஓய்வு பெற்ற பின் கோல்ட் கம்பெனியிலேயே வேலை ஏற்றதையும் கண்டித்தது.

திருத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தோட்டா அறைக்குக் குரோமியம் பூசினார்கள். வேகத்தை அடக்கும் உறுப்பைச் சேர்த்தார்கள். துடைக்கும் சாமான்கள் வந்து சேர்ந்தன. 1968-ல் துப்பாக்கியைத் துடைக்கக் கற்பிக்கும் படக்கதைப் புத்தகம்கூட அச்சாகி வந்தது. மருந்திலிருந்த சுண்ணாம்பின் அளவை 1970-ல் குறைத்தார்கள். ஆனால் இதற்காக எந்த அதிகாரியாவது, எந்த முதலாளியாவது கூண்டில் ஏற்றப்பட்டானா? ஒருவனும் இல்லை!

"அமெரிக்கத் துப்பாக்கி சிக்கிக்கொண்டதற்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? அது நன்றாகச் சுட்டிருந்தால் வியட்நாம் விவசாயியல்லவா செத்திருப்பான்?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த யுத்தத்தில் சுமார் 20 லட்சம் பொதுமக்களும் 11 லட்சம் போராளிகளும் உயிரிழந்ததாக வியட்நாம் அரசு 1995-ல் கணக்கு வெளியிட்டது. அந்த ரத்தத்தை நாம் ஒரு நாளும் மறக்க மாட்டோம். துப்பாக்கி பழுதானதால் வியட்நாம் ஜெயிக்கவில்லை; தன் மண்ணுக்காக மக்கள் திரண்டு நின்றதால் ஜெயித்தது.

ஆயினும் எதிரே வந்து மடிந்த சுமார் 58 ஆயிரம் அமெரிக்கர்கள் யார்? கல்லூரியில் படிக்க வசதியுள்ளவனுக்குக் கட்டாய ராணுவ சேவை தள்ளிவைக்கப்பட்டது. போனவர்களில் பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளியின், ஏழையின், நீக்ரோ மக்களென்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பின மக்களின் பிள்ளைகள். பிறர் நாட்டைச் சூறையாடப் பிள்ளைகளை அனுப்பிய அதே கூட்டம், அந்தப் பிள்ளைகளின் கையில் கொடுத்த தோட்டாவிலும் லாபத்தையும் தன் வீம்பையுமே பார்த்தது. அந்நியனின் உயிரை மதிக்காதவன் சொந்த நாட்டு ஏழையின் உயிரையும் மதிக்க மாட்டான். இதுதான் நாம் காண வேண்டிய உண்மை.

நமது நாட்டிலும் சிப்பாய் யார்? பெரும்பாலும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். இங்கும் 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கி போய் 5.56 மில்லிமீட்டர் இன்சாஸ் வந்தது. 1999-ல் கார்கில் குளிரில் அதன் மாகசின் விரிசல் விடுவதாகப் புகார் எழுந்தது. அதைச் செய்த தொழிற்சாலைகளில் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் ஒன்று. அங்கே உழைக்கிறவனும் தொழிலாளி, அதைத் தோளில் சுமக்கிறவனும் தொழிலாளியின் சகோதரன். குறையைத் திருத்த இந்த இருவரையும் கலந்துகொள்வதே வழி. ஆனால் மத்திய சர்க்கார் செய்தது என்ன? தொழிலாளர்களின் எதிர்ப்பை மீறி, 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தது. அதற்கு முன்பே வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கச் சட்டமும் கொண்டு வந்தது. செய்கிறவன் வாயைக் கட்டினால் சுமக்கிறவனுக்குத்தான் ஆபத்து!

கருவியைக் கையில் பிடிப்பவனுக்கே அதன் குறை முதலில் தெரியும். அவன் சொல்லை அலட்சியம் செய்வது குற்றம். அவன் மேலேயே பழி போடுவது அதைவிடப் பெரிய குற்றம். அமெரிக்கச் சிப்பாயின் முணுமுணுப்பை யாரும் கேட்கவில்லை. அது எழுத்தில் வந்து, பலருடைய எழுத்தாகச் சேர்ந்தபோதுதான் பெரிய மனிதர்கள் நடுங்கினார்கள்.

ஆகவே தோழர்களே! நூல் அறுகிறதா? எந்த மெஷின், எந்தத் தேதி, எந்தப் பஞ்சு வந்த பிறகு என்று குறித்து வையுங்கள். விதை பதராக இருந்ததா, அடிக்கச் சொன்ன பூச்சி மருந்தால் மயக்கம் வந்ததா? பெயரும் நாளும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், தெரிந்தவர் எழுதட்டும். அதைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். தனியாகச் சொன்னால் மெமோ வரும். சேர்ந்து சொன்னால் பதில் வரும்!