படம் உங்களுடையது, பைல் யாருடையது?

சாதாரண கேமரா, சென்சாரின் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டுமே பதிவு செய்யும். லைட் பீல்டு கேமராவோ, அந்த ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்கிறது. சென்சாருக்கு முன்னால் உள்ள நுண்ணிய லென்ஸ்களின் வரிசைதான் இதற்குக் காரணம். இதனால் படம் எடுத்த பிறகும் போகஸை மாற்றலாம். பார்க்கும் கோணத்தைச் சற்றே நகர்த்தி, முப்பரிமாணத் தோற்றத்தையும் பெறலாம்.

1908-ல் காப்ரியேல் லிப்மன் முன்வைத்த இந்த யோசனையை, 2012-ல் லைட்ரோ நிறுவனம் 399 டாலர் கேமராவாக வீடுகளுக்குக் கொண்டு வந்தது. திசையையும் பதிய வேண்டியிருந்ததால் படத்தின் நுணுக்கம் குறைந்தது. கிடைத்தது சுமார் 1.2 மெகாபிக்சல்தான். கோணமும் லென்ஸின் அகலத்துக்குள் மட்டுமே நகர்ந்தது. இவற்றைப் பொறுத்துக் கொள்ளலாம்.

பொறுக்க முடியாத குறை வேறு. படங்கள் அந்நிறுவனத்தின் சொந்த பைல் வடிவில் இருந்தன. 2017-ல் அதன் படப் பகிர்வுத் தளம் மூடப்பட்டது. 2018-ல் நிறுவனமே மூடப்பட்டது. ஜேபெக்காக மாற்றி வைத்தவர்களுக்குத் தட்டையான படம் மிஞ்சியது. மாயத்தை மீண்டும் பார்க்க, பெரும்பாலானோர் பழைய சாப்ட்வேரையே நம்ப வேண்டியிருந்தது.

இந்தத் தொழில்நுட்பம் இன்னொரு வாய்ப்புக்குத் தகுதியானது என்பதே என் கருத்து. ஆனால் முப்பரிமாணப் படம் எடுக்கும் எந்தக் கருவியை வாங்கினாலும், மெகாபிக்சலைக் கேட்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: "இந்த பைலை வேறு சாப்ட்வேரில் திறக்க முடியுமா?" முடியாது என்றால், குழந்தையின் முதல் பிறந்த நாளை அதில் மட்டும் எடுக்காதீர்கள்.