கப்பலில் கிட்ஸ் கிளப்: 3 வயது ஆகாத குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

கோடை லீவு நெருங்கினால் போதும், ரீல்ஸ் நடுவே ஒரு வெள்ளைக் கப்பல் வந்து நின்றுவிடும். நீச்சல் குளம், வாட்டர் ஸ்லைடு, பஃபே சாப்பாடு, கடைசியில் 'குழந்தைகளுக்குத் தனி கிளப், பெற்றோருக்கு ஃபுல் ரிலாக்ஸ்' என்ற வாக்குறுதி. தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம் இந்த விளம்பரத்துக்குக் கூடுதல் ஈர்ப்பு உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சொந்தபந்தம் உள்ள வீடுகள் இங்கே நிறைய. திருச்சியில் விமானம் ஏறினால் சில மணி நேரத்தில் சிங்கப்பூர். உறவுக்காரர்களைப் பார்க்கப் போகும்போதே மூன்று நாள் கப்பலிலும் போய் வந்துவிடலாம் என்று பிளான் போடுவது இப்போது சகஜம். சென்னைத் துறைமுகத்திலிருந்தே 2022 ஜூனில் கோர்டீலியா சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கியது. முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். 2023-ல் அது இலங்கைக்கும் போனது. ஆகவே இது யாரோ பணக்காரர்களின் கதை மட்டும் இல்லை. இஎம்ஐ கட்டியாவது ஒரு தடவை போய் வர நினைக்கும் ஐடி தம்பதிகளின் கதையும்தான்.

பிரச்சினை கப்பல் ஏறிய பிறகுதான் தெரிய வரும். பெரும்பாலான கிட்ஸ் கிளப்களின் கதவு 3 வயது நிரம்பிய குழந்தைக்குத்தான் திறக்கும். அதுவும் டயப்பர் இல்லாத குழந்தையாக இருக்க வேண்டும். இரண்டரை வயதுக் குழந்தையோடு போனவர்களுக்கு அந்த 'ஃபுல் ரிலாக்ஸ்' கிடையாது.

இந்த விதி ஏன் இருக்கிறது? அது நியாயமானதா? அதன் பாரம் யார் தலையில் விழுகிறது?

எந்தக் கப்பலில் என்ன வயது?

கப்பலில் ஏறும் வயது வேறு, கிளப்பில் சேரும் வயது வேறு. பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

ராயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பல்களில் பொதுவாக 6 மாதம் நிரம்பிய குழந்தை பயணிக்கலாம். தொடர்ந்து பல நாள் கடலிலேயே இருக்கும் நீண்ட பயணம் என்றால் 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். நடுக்கடலில் கைக்குழந்தைக்கு ஏதாவது ஆனால் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேரம் ஆகும் என்பதே காரணம். ஆனால் அதே நிறுவனத்தின் 'அட்வென்சர் ஓஷன்' கிளப்பில் சேர 3 வயது ஆகியிருக்க வேண்டும், தானே டாய்லெட் போகத் தெரிந்திருக்க வேண்டும். டயப்பரோ, ஜட்டி மாதிரி மாட்டிவிடும் புல்-அப் வகையோ போட்டிருந்தால் அனுமதி இல்லை.

டிஸ்னி கப்பல்களிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். கிளப்புக்கு 3 வயது, டாய்லெட் பழக்கம் இரண்டும் வேண்டும். அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குத் தனி நர்சரி உண்டு. அது இலவசம் இல்லை, மணிக் கணக்கில் கட்டணம். இடமும் குறைவு, முன்கூட்டியே புக் செய்ய வேண்டும். சிங்கப்பூரைத் தாய்த் துறைமுகமாகக் கொண்ட 'டிஸ்னி அட்வென்சர்' கப்பலைப் பார்த்து ஆசைப்படும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கார்னிவல் நிறுவனம் மட்டும் வேறு வழியில் போகிறது. அதன் 'கேம்ப் ஓஷன்' கிளப்பில் 2 வயதுக் குழந்தையே சேரலாம். டயப்பரை ஊழியர்களே மாற்றிவிடுவார்கள். 2 முதல் 5 வரை ஒரு குழு, 6 முதல் 8 வரை ஒன்று, 9 முதல் 11 வரை மற்றொன்று. இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. பெரியப்பா மகனுக்கு 6, சித்தப்பா மகளுக்கு 5 என்றால், வீட்டில் ஒட்டிக்கொண்டே திரியும் இரண்டும் கப்பலில் வெவ்வேறு குழுவில் இருக்கும்.

இன்னொரு விஷயம். வயது புக்கிங் நாளில் பார்க்கப்படுவதில்லை, பயணத்தின்போது குழந்தைக்கு என்ன வயது என்பதுதான் கணக்கு. பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதிதான் ஆதாரம்.

ஏன் 3?

மூன்று வயதில் குழந்தைக்கு திடீரென்று ஞானம் வந்துவிடுவதில்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது ஆள் கணக்கும் சுகாதாரக் கணக்கும்தான்.

முதலில் ஆள் கணக்கு. இங்கிலாந்தின் குழந்தைப் பராமரிப்பு விதிகளைப் பார்த்தால் இது புரியும். அங்கே 2 வயதுக்குக் கீழ் இருந்தால் 3 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர். 2 வயதில் 5 குழந்தைகளுக்கு ஒருவர். 3 வயது ஆகிவிட்டால் பொதுவாக 8 குழந்தைகள் வரை ஒருவரே பார்த்துக்கொள்ளலாம். அதாவது, வயது 3-ஐத் தாண்டியதும் செலவு சட்டென்று குறைகிறது. கடலில் ஓடும் கப்பலுக்கு இங்கிலாந்து விதி பொருந்தாது. ஆனால் ஊழியர் ஒவ்வொருவருக்கும் படுக்கை, சாப்பாடு, சம்பளம் கொடுக்க வேண்டிய கப்பலில் இந்தக் கணக்கு இன்னும் கறாராக இருக்கும்.

அடுத்தது சுகாதாரம். கப்பலில் வாந்தி, பேதியைக் கிளப்பும் நோரோ வைரஸ் ஒருவரிடமிருந்து மளமளவென்று பரவும். ஆயிரக்கணக்கானோர் ஒரே கைப்பிடியைத் தொட்டு, ஒரே பஃபேயில் சாப்பிடும் இடம் அது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சிடிசி, அந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வரும் பயணிகள் கப்பல்களுக்கென்று தனி சுகாதாரத் திட்டமே வைத்திருக்கிறது. கப்பலில் உள்ள குழந்தைகள் மையத்தில் டயப்பர் மாற்றும் இடம் எப்படி இருக்க வேண்டும், கை கழுவும் வசதி எங்கே இருக்க வேண்டும், நோய் அறிகுறி உள்ள குழந்தையை என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் வருகிறது. டயப்பர் போடும் குழந்தைகள் சாதாரண நீச்சல் குளத்தில் இறங்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. ஸ்விம் டயப்பர் போட்டாலும் கதை மாறாது.

ஆக, டயப்பர் மாற்றவே மாட்டோம் என்று சொல்லிவிட்டால் நிறுவனத்துக்கு ஒரு பெரிய தலைவலி குறைகிறது. விதியின் வேர் அங்கேதான் இருக்கிறது. குழந்தை ரெடியா இல்லையா என்பதைவிட, டயப்பரை யார் மாற்றுவது என்பதே கேள்வி. கார்னிவல் மாற்றுகிறது, மற்றவை பெற்றோரிடம் விட்டுவிடுகின்றன. எனவே இது இயற்கை விதி அல்ல, நிறுவனத்தின் முடிவு.

'டாய்லெட் பழகிய குழந்தை' என்றால்?

நம் ஊர் வீடுகள் பலவற்றில் ஒன்றரை, இரண்டு வயதிலேயே குழந்தையைப் பழக்கிவிடுவார்கள். 'எங்க பிள்ளைக்கு டயப்பரே வேண்டாமே' என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் கிளப் கேட்பது அது மட்டும் இல்லை. குழந்தை தனக்கு வருகிறது என்று தானே சொல்ல வேண்டும், தானே போக வேண்டும், முடிந்தவரை தானே சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.

வீட்டில் 'உச்சா', 'ஆய்' என்று சொன்னால் நாலு பேர் ஓடி வருவார்கள். கப்பலில் இருக்கும் பிலிப்பைன்ஸ் அக்காவுக்கோ, தென் ஆப்பிரிக்க அண்ணனுக்கோ அந்த வார்த்தை புரியாது. தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பழகிய குழந்தைக்கு அங்கே பேப்பர்தான் கிடைக்கும். கீழே உட்கார்ந்து பழகிய குழந்தை உயரமான கமோடில் ஏறவே பயப்படும். அந்தப் பயத்தில் அடக்கிக்கொண்டு, கடைசியில் ஆடையிலேயே போய்விட்டால், உடனே பெற்றோருக்குப் போன் வரும். இது குழந்தையின் தவறே இல்லை. கப்பல் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பே கமோடு பழக்கம், இரண்டு ஆங்கில வார்த்தை, பேப்பர் பயன்பாடு ஆகியவற்றைச் சொல்லிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ரயிலில் 5, விமானத்தில் 2, கப்பலில் 0

தேவகோட்டை ரஸ்தாவில் ரயில் ஏறும் குடும்பத்துக்கு ஒரு கணக்கு தெரியும். தனி இருக்கை கேட்காவிட்டால் 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். விமானத்தில் 2 வயது வரை மடியில் வைத்துக்கொண்டு போகலாம், அதற்குச் சிறு கட்டணம். இந்தப் பழக்கத்தில்தான் பலரும் கப்பல் டிக்கெட்டைப் பார்க்கிறார்கள்.

கப்பலில் கைக்குழந்தையும் முழுப் பயணிதான். ஆபத்து என்றால் அதற்கும் உயிர்காப்புப் படகில் ஓர் இடம் வேண்டும், அதன் அளவுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் வேண்டும். அதனால் கேபினில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையிலும் அது சேரும். பாதுகாப்பு என்று பார்த்தால் இது சரியான விதி. ஆனால் ஒரு முரண் இருக்கிறது. பயணி எண்ணிக்கையில் முழு ஆளாக வரும் அந்தக் குழந்தை, கிளப் வாசலில் மட்டும் ஆளாகவே எண்ணப்படுவதில்லை.

பாரம் யாருக்கு?

செட்டிநாட்டுப் பக்கம் 'ஆயா' என்றால் பாட்டி. மற்ற பல ஊர்களில் 'ஆயா' என்றால் பள்ளியிலோ காப்பகத்திலோ குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண். கப்பலில் இந்த இரண்டு அர்த்தமும் ஒன்றாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

விளம்பரத்தைப் பார்த்து டிக்கெட் போட்டாச்சு, கிளப்பில் குழந்தையைச் சேர்க்கவில்லை. அப்போது யார் கேபினில் உட்காருவது? பெரும்பாலும் அம்மா. இல்லையென்றால், 'கடலைப் பார்த்த மாதிரியும் இருக்கும்' என்று கூட அழைத்து வந்த ஆயா. மேல்தளத்தில் பாட்டு ஓடும்போது, ஜன்னல்கூட இல்லாத உள்கேபினில் பேரனைத் தூங்க வைத்துக்கொண்டு இருப்பார். அவருக்கும் டிக்கெட் காசு கொடுத்திருக்கிறார்கள் என்பதே மறந்துபோகும்.

ஒரு காலத்தில் ரஜூலா போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் வாரிசுகள்தான் இன்று இந்தச் சொகுசுக் கப்பல்களில் ஏறுகிறார்கள். அன்று பெரும்பாலும் ஆண்கள் வியாபாரத்துக்குக் கப்பல் ஏறினார்கள், வீட்டுப் பெண்கள் ஊரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். இன்று பெண்களும் கப்பலில்தான் இருக்கிறார்கள். பிள்ளை பார்க்கும் வேலை மட்டும் அவர்களை விட்டு இறங்கவில்லை.

தரையில் நிலைமை கொஞ்சம் மேல். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் 2 வயது முடிந்த குழந்தையைச் சேர்க்கலாம். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் கிராமங்களில் தொடங்கியபோதே 2 வயதுக் குழந்தைகள் அதில் இருந்தார்கள். 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தாய் ஒரு நாளில் 4 முறை போய்ப் பார்க்கவும் உரிமை தந்தது. நடைமுறையில் ஓட்டைகள் இருக்கலாம். ஆனால் 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலை, அதற்கு ஆளும் இடமும் வேண்டும் என்பதைத் தரையில் உள்ள சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. தேவகோட்டையின் சாதாரண அங்கன்வாடி பணியாளர் ஏற்றுக்கொள்ளும் 2 வயதுக் குழந்தையை, பல மாடிச் சொகுசுக் கப்பல் திருப்பி அனுப்புகிறது.

என்ன மாற வேண்டும்?

கப்பல் நிறுவனங்கள் வயது வரம்பே வைக்கக் கூடாது என்று கேட்பது சரியல்ல. போதுமான ஆள் இல்லாமல் 2 வயதுக் குழந்தைகளைக் கூட்டமாகச் சேர்த்தால் அடிபடுவது குழந்தைகள்தான். அதே காரணத்துக்காக, 'மூணு முடிஞ்சிடுச்சு' என்று பெற்றோர் சமாளித்துச் சேர்ப்பதும் தப்பு. அது மற்ற குழந்தைகளையும் பாதிக்கும்.

கேட்க வேண்டியது வேறு. விதியை மறைக்காமல், விற்கும் இடத்திலேயே சொல்ல வேண்டும். 2022-ல் மத்திய அரசு வெளியிட்ட, தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்கும் நெறிமுறைகள் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கின்றன: விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ, நிபந்தனைக் குறிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும். அப்படியென்றால் தமிழில் 'குழந்தைகளுக்குத் தனி கிளப்' என்று ரீல்ஸ் போடுபவர்கள், '3 வயது நிரம்பிய, டயப்பர் இல்லாத குழந்தைகளுக்கு மட்டும்' என்பதையும் தமிழிலேயே போட வேண்டும். டிராவல் ஏஜென்டுகளுக்கும் இதே பொறுப்பு உண்டு. குழந்தையின் பிறந்த தேதியைக் கேட்டுத்தான் டிக்கெட் போடுகிறார்கள். அந்த நிமிடமே 'இந்தக் குழந்தைக்கு கிளப் கிடையாது' என்று சொல்வதற்கு ஒரு வரி போதும்.

புக் செய்யும் முன் 5 கேள்விகள்

1. பயண நாளில் குழந்தைக்கு என்ன வயது? கிளப்பின் குறைந்தபட்ச வயது என்ன?

2. 3 வயதுக்குக் கீழே என்றால் நர்சரி உண்டா? மணிக்கு எவ்வளவு? முன்பதிவு எப்போது தொடங்கும்?

3. டயப்பரை ஊழியர்கள் மாற்றுவார்களா, பெற்றோரை அழைப்பார்களா?

4. இரவு எத்தனை மணிவரை கிளப் இலவசம்? பல கப்பல்களில் 10 மணிக்கு மேல் தனிக் கட்டணம்.

5. டயப்பர் போடும் குழந்தை விளையாடத் தனி நீர் விளையாட்டு இடம் இருக்கிறதா?

பதில் திருப்தி இல்லையென்றால், முடிந்தால் பயணத்தைத் தள்ளிப்போடலாம். 2 வயது 10 மாதக் குழந்தைக்கு மூன்று மாதம் காத்திருப்பது, மூடிய கதவுக்கு வெளியே மூன்று நாள் நிற்பதைவிட நல்லது. காத்திருக்க முடியாதவர்கள், யார் எந்த நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்று கப்பல் ஏறும் முன்பே ஷிஃப்ட் போட்டுக்கொள்ளட்டும். அந்த ஷிஃப்டில் அப்பாவின் பெயர் முதலில் இருக்கட்டும். ஆயாவின் பெயர் கடைசியாக வரட்டும், அதுவும் அவர் சரி என்று சொன்னால் மட்டும்.