மழை இரவில் ஒரு தீவு

பொல்பிட்டியவில் மழை வலுத்தால் களனி கங்கையின் இரைச்சலன்றி வேறெதுவும் காதில் விழாது. அத்தகைய இரவொன்றிலே, அகதா கிறிஸ்டி அம்மையார் 1939இல் வெளியிட்டு, பின்னர் ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ எனப் பெயர் பெற்ற மர்ம நாவலை மீண்டும் படித்தேன்.

இங்கிலாந்தின் டெவன் கரைக்கு அப்பால் ஒரு தனித்தீவு. வந்து சேர்ந்தவர் பதின்மர், அழைத்தவரையோ காணோம். இராப்போசனம் முடிந்ததும் கிராமபோன் குரலொன்று அனைவர்மீதும் கொலைப்பழி சுமத்துகிறது. யாவும் சட்டத்துக்கு எட்டாத பழிகள். புயல் எழுகிறது, படகு வரவில்லை, ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர்.

என்னை உலுக்கியவள் எமிலி பிரென்ட் என்னும் கிழவி. கருவுற்ற வேலைக்காரப் பெண்ணை அவள் வீட்டைவிட்டு விரட்டினாள். அப்பெண் ஆற்றில் விழுந்து மாண்டாள். கிழவியோ பைபிளும் பின்னல் ஊசியுமாய், தன்மீது குற்றமேயில்லை என்றிருக்கிறாள். கொழும்பு வீடுகளுக்குப் பெண்பிள்ளைகளை வேலைக்கனுப்பிய நம் தோட்டத்துக் குடும்பங்கள் இப்பக்கங்களை எளிதில் புரட்டிவிட இயலாது.

கொலையாளி யாரென்று மட்டும் கேளாதீர்கள்!